எவர்சில்வர்

தி.நகர் பாத்திரக் கடையில் பேர் வெட்டும் மெஷின் கிர்ரென்றதும் அம்மா நினைப்பு வந்துவிட்டது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற அவள், நாலு காசு மிஞ்சினால் ஓர் எவர்சில்வர் குடம் வாங்கி, அதில் 'ராணி' என்று என் பேரை வெட்டி வைப்பாள். செதில் ஒட்டிய கையால் குடத்தைத் தடவி, "எவர்சில்வர்னு பேர்லயே சில்வர் கீதுடி. அல்லாம் வெள்ளி. கெயவியானதும் இத்த வித்து, குந்திக்கினே துன்னு" என்பாள்.

அது வெள்ளியில்லை என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் வேறெதையும் என்னால் சேர்க்க முடியவில்லை. வயதாகிவிட்டது என்று தரமணி ஆபீஸில் பெருக்குகிற வேலையிலிருந்தும் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். ஏழு குடங்களையும் தூக்கி வந்திருக்கிறேன்.

"பழசு எடைக்குத்தாம்மா" என்ற கடைக்காரர், ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "ராணி யாரு?"

"தெர்லப்பா" என்றேன்.