ஒரு மழை பாக்கி

மைசூரு விஜயநகரில் நாங்கள் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் திட்ட மேலாளர். பெயிண்ட் காய்ந்துவிட்டது, லிஃப்ட் ஓடியது, வீடு வாங்கியவர்கள் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துவிட்டார்கள். வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடுவதுதான் மிச்சம்.

அன்று காலை, தரைக்கடியில் இருந்த கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிவந்தேன். பின்சுவரில் கை வைத்ததும் சில்லென்றது. கொளுத்தும் கோடையில் அது மட்டும் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் முன்பு ஏரிக்குப் போன கால்வாயை மண் போட்டு மூடியிருந்தார்கள்.

முதலாளி தமிழ் பேசும் கொள்ளேகால்காரர். "இன்னும் என்னம்மா பாக்கி?" என்றார்.

"ஒரு மழை பாக்கிங்க சார். அதைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"மழைக்காக யாராச்சும் சாவி குடுக்காம இருப்பாங்களா?" என்று கத்தினார். ஆனால் என் கையெழுத்தில்லாமல் ஒப்படைக்க அவருக்கும் துணிவில்லை.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. இருவரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மழை விட்ட பிறகுதான் சுவர் மெல்ல உப்பத் தொடங்கியது. பூச்சு பொத்தென்று விழுந்தது.

"ஓடும்மா!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் மேலே வருவதற்குள் சுவர் சாய்ந்து, சேற்றுநீர் உள்ளே நிறைந்தது.

வடிகால் வைத்துப் புதுச்சுவர் எழுப்பினோம். அடுத்த மழைக்காலம் முழுவதும் அது காய்ந்தே இருந்தது. "இப்ப முடிஞ்சுதாம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அங்கே குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். வானம் கறுத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.