இரண்டாம் வரிசை அம்பயர்

முப்பத்தொரு வருஷம் ஆரஞ்சுப் பழம் தரம் பிரித்தவன் நான். பெல்ட்டில் பழம் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணில் பட்ட சொத்தையை எடுத்து எறிய வேண்டும். ஓய்வு பெற்றபோது ஒரு கைக்கடிகாரமும், என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்ற நம்பிக்கையும் எனக்கு மிஞ்சின. கடிகாரம் ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. நம்பிக்கை எழுபத்திரண்டு வயது வரை ஓடியது.

என் பெயர் டெல்பர்ட். ஃப்ளோரிடாவின் நடுவில், தோப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கு ஹெரான்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி உண்டு. பெரிய லீக்குக்குப் போகிற ஏணியின் கீழ்ப்படியில் நிற்கும் பையன்கள் ஆடுவது. ஆட்டத்துக்கு முந்நூறு பேர் வந்தால் அன்று திருவிழாக் கூட்டம். அதிலும் பாதிப் பேர் என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள், மூன்றாவது இன்னிங்ஸில் தூங்கிவிடுவார்கள். ஆகவே நான் கத்துவது மைதானத்தில் இருக்கும் ஒவ்வொரு காதுக்கும் தெளிவாகப் போய்ச் சேரும்.

கத்துவது அம்பயரைப் பார்த்துத்தான். பந்து தரையில் பதித்த பிளேட்டுக்கு மேலே, அடிப்பவனின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே போனால் ஸ்ட்ரைக். விலகிப் போனால் வீண் பந்து. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவன் அவுட். நான்கு வீண் பந்து விழுந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். நாலு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இதைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவனை எதற்கு அங்கே குனிந்து நிற்க வைத்திருக்கிறார்கள் என்பது என் வாதம். “யோவ், கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா?” என்பது சாதாரண நாள் வசனம். கோபம் ஏறினால் எங்கள் ஊர்க் கண் மருத்துவரின் போன் நம்பரைச் சொல்லிக் கத்துவேன். அந்த மருத்துவரே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, விளம்பரம் போதும் என்று கேட்டுக்கொண்டார்.

என் மனைவி ரோவீனா நான் கத்த ஆரம்பித்த இரண்டாம் வருஷத்தோடு மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் ரேடியோவில் கேட்பாள். வர்ணனை செய்கிறவருக்குப் பின்னால் என் குரல் கேட்குமாம். “ரேடியோ சத்தத்த குறைச்சாலும் உன் சத்தம் குறைய மாட்டேங்குது டெல்” என்பாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன்.

என் நாற்காலி மூன்றாம் பேஸ் பக்கம், இரண்டாம் வரிசையில். பக்கத்து நாற்காலி மெர்ல், தபால்காரராக இருந்தவன். பதினொரு வருஷமாக அவன் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். இங்கே உட்கார்ந்தால் பந்து உயரப் போகிறதா தாழப் போகிறதா என்று தெரியும். பிளேட்டுக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்பது கடவுளுக்குக்கூடத் தெரியாது என்று. கடவுள் ஆரஞ்சு பிரித்ததில்லை என்று நான் பதில் சொல்வேன்.

பிறகு எங்கள் லீக்கில் கேமரா அப்பீல் வந்தது. பந்தை அடிக்க நிற்கிறவன், வீசுகிறவன், பிடிக்கிறவன் இவர்களில் ஒருவர் அம்பயர் சொன்ன அடுத்த நொடியே தன் தலையைத் தட்டிக்காட்டினால் போதும். பெரிய திரையில் பந்து போன பாதை வந்துவிடும். அப்பீல் ஜெயித்தால் நஷ்டமில்லை. இரண்டு தோற்றால் அன்றைக்கு அணிக்கு அவ்வளவுதான், மீதி ஆட்டத்தில் அம்பயர் சொன்னதே சட்டம். இனி என் காலம் என்று நினைத்தேன். எத்தனை பந்தில் கேமரா அம்பயர் பக்கம் நின்றாலும், கேமராவை யாரோ கோணலாக மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த உலகத்தில் என் கண்ணை முழுதாக நம்பிய ஒரே ஜீவன் லியூடி. டொமினிக்கன் பையன், இருபத்தொரு வயது, இடது மூலையில் ஆடுகிறவன். திங்கட்கிழமைகளில் ஆட்டம் கிடையாது என்பதால், அன்று பையன்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது ஊரில் சில வீடுகளில் வழக்கம். எங்கள் பங்குக்கு வந்தவன் அவன். ரோவீனா பொரித்த கெளுத்தி மீனைத் தின்றுகொண்டே, நான் சொல்கிற ஆரஞ்சுக் கதைகளைக் கேட்பான். என்னிடமிருந்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டான். அதில் முக்கால்வாசி வெளியே சொல்ல முடியாதது.

அவனுடைய அம்மா மிலாக்ரோஸ் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறவர். மூன்று வருஷமாக மகன் ஆடுவதைப் போனில் மட்டுமே பார்த்தவர். இரண்டு முறை விசா கொடுக்காமல் திருப்பியனுப்பினார்கள். ஆகஸ்டில் ஒரு வழியாகக் கிடைத்தது. வேலையில் லீவு கிடைத்த நாள் செப்டம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. லீக் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகின்றன; இறுதிச் சுற்றுக்குப் போனால்தான் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் ஆட்டம். அப்போது நாங்கள் முதலிடத்தில் இருந்தோம். “தைரியமா டிக்கெட் போடச் சொல்லு, அதெல்லாம் உள்ள போயிடுவோம்” என்றேன். சொன்னது நான்தான். அதற்குப் பிறகு ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோற்றோம்.

ஆக, கடைசி ஞாயிறு ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலை. ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற எங்கள் கேட்சர் ஏற்கெனவே ஒரு அப்பீலை வீணாக்கியிருந்தான், மிச்சம் ஒன்றுதான். லியூடி அடிக்க வந்தான். முதல் பந்து. அம்பயர் ஸ்ட்ரைக் என்றார். அது வெளியே ஒரு முழம் விலகிப் போனதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எழுந்து நின்று, தொப்பி மேல் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, “தட்டு, லியூடி, தட்டு” என்று கத்தினேன்.

அவனுக்குத் தட்டும் எண்ணமே இல்லை. மட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தவன் என் குரலைக் கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு தலையைத் தட்டினான்.

திரையில் பந்து வந்தது. பிளேட்டின் ஓரத்தை அழகாக உரசிக்கொண்டு போயிருந்தது. ஸ்ட்ரைக்தான். எங்கள் அணி மேனேஜர் ஆட்டக்காரர்கள் உட்காரும் குழியிலிருந்து எழுந்து வந்து நேராக என்னைப் பார்த்தார். நான் மெர்லைப் பார்த்தேன், தட்டியது அவன்தான் என்பதுபோல.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். அதே ஒரு ரன் பின்தங்கல், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள். அடிக்க வந்தவன் மறுபடி லியூடி. மூன்று வீண் பந்து, இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு வீண் பந்து விழுந்தால் ஆளாளுக்கு ஒரு பேஸ் நகர்ந்து, மூன்றாம் பேஸில் நிற்பவன் ரன்னாகி ஆட்டம் சமனாகும். பந்து வந்தது. அவன் அடிக்காமல் விட்டான். சரியாகத்தான் விட்டான், பந்து அவன் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, புல்லைப் பார்த்துக்கொண்டு போயிற்று. உயரத்தைப் பார்ப்பதற்கென்றே போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பதினொரு வருஷத்தில் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பந்து வேறு இல்லை.

அம்பயர் ஸ்ட்ரைக் என்றார்.

லியூடியின் கை தலையை நோக்கிப் போயிற்று. பாதி வழியில், அப்பீல் தீர்ந்துவிட்டது நினைவுக்கு வந்து, அப்படியே நின்றது. மூன்றாவது ஆளும் அவுட்; ஆட்டமும் சீசனும் அதோடு முடிந்தன. முந்நூறு பேரும் கத்தினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து கத்தினார்கள். நான் மட்டும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “கத்துடா” என்றான் மெர்ல். “இதுக்குத்தானே இத்தன வருஷமா சாதகம் பண்ணுன.”

மறுநாள் திங்கட்கிழமை. வரமாட்டான் என்று நினைத்தேன், வந்தான். கிளப் அவனுக்கு ஊர் திரும்பப் போட்டிருந்த டிக்கெட் புதன்கிழமைக்கு. அம்மா செவ்வாய்க் காலை வந்து இறங்குகிறார். மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். வழக்கம்போல அதையும் பாதியில் அம்பயர் மேல் திருப்பப் பார்த்தேன். ரோவீனா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

“உங்க மேல கோவம் இல்ல பெரியவரே” என்றான் லியூடி. “அம்மா புதுச் சட்டை தச்சிருக்காங்க, முதுகுல என் நம்பர் போட்டு. அத எங்க போட்டுக்குவாங்கன்னுதான் யோசிக்கிறேன்.”

யோசிக்காமல் பேசுவது எனக்குக் கைவந்த கலை. “ஆட்டம்தானே வேணும்? நாளைக்கு நாம ஆடுவோம்” என்றேன்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பொதுப் பூங்காவில், கிளப்புக்குத் தெரியாமல் ஒரு ஆட்டம் நடந்தது. விமானத்துக்குக் காத்திருந்த லியூடியின் தோழர்கள் ஆறு பேர்; மீதி எல்லாம் முட்டிவலிக்காரர்கள். மெர்ல் இடது மூலையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். அம்பயர் யார் என்று கேட்டதற்கு ஆறு பையன்களும் ஒரே சமயத்தில் என்னைக் கைகாட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையை அவர்கள் சீசன் முழுக்க மைதானத்தில் காட்டியதில்லை.

மிலாக்ரோஸ் அம்மா குட்டையான, அகலமான பெண்மணி. புதுச் சட்டையில் இருபத்தேழாம் நம்பர் முதுகு முழுக்கப் பரவியிருந்தது. ரோவீனாவின் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாதுவான அம்மா என்று நினைத்தேன்.

வீசியவன் ஒஸ்வால், நிஜமான தொழில்முறை வீச்சுக்காரன். முகமூடி மாட்டிக்கொண்டு கேட்சருக்குப் பின்னால் குனிந்தேன். பந்து அவன் கையை விட்டதுதான் தெரியும். நெற்றிக்கு நேராக ஏதோ சீறிக்கொண்டு வந்தது, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், கையுறையில் படார் என்று சத்தம் கேட்டது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சத்தம் நன்றாக இருந்ததால் ஸ்ட்ரைக் என்றேன்.

உடனே ஸ்பானிஷில் ஒரு கூச்சல் கிளம்பியது. மிலாக்ரோஸ் அம்மா எழுந்து நின்றிருந்தார். “குருடன்” என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை எனக்குத் தெரியும். நான் முதலில் கற்றுக்கொண்ட ஸ்பானிஷே அதுதான். இரண்டாவது பந்துக்குக் கண்ணைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்தேன். முடிவு என்னுடையது, கண் கேட்கவில்லை. ஸ்ட்ரைக். மூன்றாவதுக்கும் அதே கதி. லியூடி அவுட்.

அந்த அம்மா கைப்பையோடு நேராகப் பிளேட்டுக்கு நடந்து வந்து என் முகமூடிக்கு முன்னால் நின்று பேசினார். அத்தனை வேகத்தில் ஒஸ்வால்கூட வீசியதில்லை.

“என்ன சொல்றாங்க?” என்றேன்.

லியூடி தயங்கினான். “நல்ல வார்த்தைய மட்டும் சொல்றேன். இவ்ளோ தூரம் வந்தது எம்புள்ள அவுட்டாகறத பாக்கறதுக்கான்னு கேக்கறாங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. “நான் கண்ண மூடிட்டேன்னு சொல்லு. மூணு பந்துக்கும்.”

அவன் சொன்னான். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

“பயந்தா பரவால்ல, தெறந்து வச்சுக்கிட்டுப் பயப்படச் சொல்லுன்னாங்க” என்றான் லியூடி. யாரும் எதுவும் கேட்காமலே மறுபடி மட்டையோடு நின்றான்.

இந்த முறை திறந்து வைத்துக்கொண்டு பயந்தேன். ஒஸ்வால் வீசினான். லியூடி உடம்பையெல்லாம் திரட்டி அடித்தான். பந்து இடது பக்கம் எழும்பி, வேலிக்கு மேலே, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, வாய்க்காலுக்குள் போயிற்று. அந்தப் பூங்காவில் யாரும் அவ்வளவு தூரம் அடித்ததில்லை. கம்பத்துக்கு உள்பக்கமாகப் போனால் ஹோம் ரன், அடித்தவன் நாலு பேஸையும் ஒரே ஓட்டமாகச் சுற்றி வரலாம். வெளிப்பக்கமாகப் போனால் செல்லாது. ஒரு கஜம் வெளியே போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான இடத்தில் நின்று, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சந்தேகமே இல்லை.

மிலாக்ரோஸ் அம்மா ரோவீனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். லியூடி ஓடவில்லை. அடித்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மட்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான்.

நான் கையைத் தலைக்கு மேல் தூக்கி வட்டமாகச் சுழற்றினேன். ஹோம் ரன்.

அவன் ஓடினான். ஒவ்வொரு பேஸிலும் நின்று அம்மாவைப் பார்த்துவிட்டு ஓடினான். இடது மூலையிலிருந்து மெர்ல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, எனக்குக் கண் இருக்கிறதா, கண் இருந்த இடத்தில் வேறு ஏதாவது வைத்திருக்கிறேனா என்று கத்திக்கொண்டே வந்தான். ராத்திரி சாப்பாடு முடிகிறவரை விடவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.