ஓய்வெடுத்த மெஷின்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். தோட்டத்தில் ஆங்கிலச் சஞ்சிகை வாசிக்கிற ஒரே ஆள் என்பதால், கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லும் வியாதி எனக்கு உண்டு.

அப்போது பஜாரில் ஒரு கடையின் பின்னறைக்குச் சூதாட்ட மெஷின் ஒன்று வந்திருந்தது. காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று படங்கள் சுழலும்; மூன்றும் ஒன்றாக நின்றால் காசு கொட்டும். அந்த மாதிரி மெஷின் நூறு ரூபாய் வாங்கினால் தொண்ணூறைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதைக் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பால் வெட்டுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மழைக்கு நாலு நாள் வெட்டாமல் விட்ட மரம் ஐந்தாம் நாள் எப்படிச் சுரக்கும்? அப்படித்தான், வெகுநேரம் யாருக்கும் விழாத மெஷினில் காசு ஊறி நிற்கும். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். நானும்தான்.

மறுவாரம் அவர்களில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு அவர் மனைவி சுவரைத் தடவிக்கொண்டே ஆபீசுக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்தவர். கேகாலை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் மட்டும் வெளியில் வாங்க வேண்டும். அதற்குச் சேர்த்த காசையும் காணோம், புருஷனையும் காணோம்.

"ஐயா சொன்ன கணக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. கோவிச்சுக்காதீங்க, அது என்ன கணக்குங்க?"

பஜாருக்குக் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். ஆற்றோரம் ஆட்கள் கூடி நின்ற இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று கண்டக்டர் சொன்னார்.

மனிதர் பின்னறையில்தான் இருந்தார். உயிரோடு. போன உயிர் எனக்கும் திரும்பியது, ஒரு நிமிஷத்துக்கு. அவர் விளையாடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிக்கு மேல போயிருச்சுங்க. அதான் ஓய்வு குடுத்திருக்கேன். நீங்க சொன்னீங்கல்ல, ஊறட்டும்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. மெஷினுக்கு ஓய்வும் கிடையாது, முந்தின இழுப்பின் ஞாபகமும் கிடையாது. தொண்ணூறு என்பதும் நமக்கென்று எண்ணி வைத்ததல்ல, திரும்பத் திரும்பப் போட்டால் அதுவும் கரைந்துவிடும் என்றேன். அவர் நம்பவில்லை. படித்த ஆள் தெரியாமலா சொல்லியிருப்பீர்கள் என்று எனக்காக என்னிடமே வாதாடினார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. கடைசியில் சொன்னேன்:

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அரைப்பக்கம் படிச்சிட்டு அளந்தேன்."

பைக்குள் போன கை வெளியே வந்தது. மிச்ச நோட்டுகளை என் கையில் திணித்தார்.

"வச்சுக்குங்க. என் கை கேக்காது."

குறைந்த காசை நான் சேர்த்து லென்ஸ் வாங்குவதற்குள் குறித்த நாள் தாண்டிவிட்டது. அடுத்த முறைக்கு ஏழு மாதம். அதுவரை அந்த அம்மா ஆபீசைக் கடக்கும்போதெல்லாம் நான் பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன், அவருக்குக் கண் தெரியாது என்பதையும் மறந்து. பாதி படித்ததைச் சொல்ல இன்றும் வாய் துடிக்கிறது; சுவரில் விரல்கள் உரசும் அந்தச் சத்தம் ஞாபகத்தில் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறேன்.