உறுமிக்கு இறக்கிய கை

குத்துச்சண்டையில் கையால் முகத்தை மூடி ஆடுகிறவன் கோழை என்று சொல்லித் திரிந்தவன் நான். மாநில அணியில் ஒரே இடம் காலி. அதற்கான தேர்வு மெர்லிமாவ் ஊர் மண்டபத்தில் நடந்தது. எதிரில் செலண்டார் ஊர்க்காரன் ரவி. கடைசிச் சுற்றுவரை புள்ளியில் நான்தான் முன்னிலை. என் கூட்டாளிகள் உறுமி மேளம் அடித்தார்கள். நானும் இரண்டு கையையும் இறக்கிவிட்டு அதற்கு ஆடினேன்.

"கைய தூக்கு லா, மடையா!" என்று என் கோச் கத்தினார்.

ரவியின் இடது கை என் தாடையில் இறங்கியது. உறுமிச் சத்தம் தண்ணீருக்கு அடியில் போனது. விளக்குகள் மிதந்தன. வலியே இல்லை. அவன் வலது கை மெதுவாக, அழகாக வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கைகள் யாருடையவையோ போலத் தொங்கின. அந்தக் குத்து என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஆட்டம் முடிந்த மணி அடித்தது. நான் ஜெயித்தேன்.

"ஏன்டா அடிக்கல?" என்று அவனிடம் எரிந்து விழுந்தேன்.

"நீ கண்ணு சொருகி நின்ன, மச்சான். அப்படி நிக்கிற ஆள எப்படி லா அடிக்கிறது?"

என் முகத்தைக் காக்க வேண்டியவன் நான். அந்த வேலையை ரவி செய்தான். தன் இடத்தையும் இழந்தான். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.