ஏசுஅடிமையின் மழை மாதம்

ஒவ்வொரு ரப்பர் மரத்தையும் இரண்டு தட்டு தட்டி, "சொகமா இருக்கியா மக்கா?" என்று கேட்ட பிறகுதான் ஏசுஅடிமை பட்டையில் கத்தி வைப்பார். குலசேகரம் பக்கம் முந்நூறு மரம் அவர் பொறுப்பு. பால் சுரக்காமல் வீம்பாக நிற்கும் ஒரு மரத்துக்குப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு என்று பெயர். "பாக்க ஆளு ஜோராத்தான் இருப்பாரு, ஒரு சிரட்டை பால் தரமாட்டாரு" என்பார்.

இதெல்லாம் தை மாதத்து ஏசுஅடிமை. சந்தையில் அயலை மீனுக்குப் பேரம் பேசி, மீன்காரியையும் சிரிக்க வைத்து, வரும் வழியெல்லாம் கீர்த்தனை பாடிக்கொண்டு வருகிற மனுஷன். அந்த மனுஷனை நினைத்தால் அவர் மனைவி செல்லபாய்க்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும்.

ஜூனில் இடவப்பாதிப் பருவமழை இறங்கியதும் ஆள் மாறிவிடுவார். ஒன்பது மணிவரை தூக்கம், விழித்தாலும் சுவரைப் பார்த்தே படுக்கை. மீன் வேண்டாம், மரச்சீனிக் கிழங்கை மட்டும் சட்டி சட்டியாகத் தின்பார். என்னவென்று கேட்டால், "மடியாட்டு இருக்கு ஏட்டி" என்பார். மடி என்றால் அந்த ஊரில் சோம்பல். கல்யாணமான முதல் மழைக்கு, தன்னைத்தான் பிடிக்கவில்லை போலும் என்று செல்லபாய் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள், பாவம். செப்டம்பர் வெயிலில் அவர் பாடிக்கொண்டு வந்தபோது எல்லாம் மறந்துபோயிற்று. அதன்பிறகு மழை கொட்டும்போதெல்லாம் அந்தப் பாட்டுக்கு ஏங்கிக்கொண்டே நாளை ஓட்டினாள். மழையில் பால்வெட்டு கிடையாது, வெட்டுகாரர் எல்லாருமே வீட்டில்தான் கிடப்பார்கள். இவர் கிடப்பது மட்டும் வேறு என்று யாருக்குத் தெரியும்? இருபத்திரண்டு வருஷம் இப்படியே போனது.

போன வருஷம் தோட்டக்காரர் மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டினார். பட்டை நனையாது, மழையிலும் வெட்டலாம். மற்றவர்கள் வேலைக்குப் போனார்கள். இவர் எழவில்லை. "நான் இருந்து என்னத்துக்கு" என்று அவர் சுவரிடம் சொன்னது செல்லபாயின் காதில் விழுந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா முதலில் மாதங்களைத்தான் கேட்டார். "வருசாவருசம் ஒரே காலத்துல வந்து, வெயில் அடிச்சா போவுதுன்னா இது மடி இல்ல ஐயா, நோய். மழைக்கு மனசு வாடுறது நெறைய பேருக்கு உண்டு. உங்களமாரி படுத்தே போறவங்க கொஞ்சம் பேரு. அவங்களும் மடின்னு நெனச்சு வாறதில்ல. இப்ப மருந்து தாறேன். அடுத்த தடவ தொடங்குனதும் நீங்களே வரணும்." ஏசுஅடிமை தலையாட்டினார். செல்லபாய் அந்தத் தலையாட்டலை நம்பவில்லை.

இந்த ஜூனில், மழை பிடித்து நாலாம் நாள் அவர் எழவில்லை. செல்லபாய் கட்டன்சாயாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களையில் போய் நின்றாள். கேட்டால் பழையபடி மடி என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பத்து மணிக்கு அடுக்களை வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளி மாற்றிப் போட்டிருந்தார்.

"ஏட்டி, மடி இல்ல. அது வந்துட்டு. கொடைய எடு, ஆசுபத்திரிக்குப் போவலாம்."

செல்லபாய் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி மாட்டினாள். கழுத்துப் பொத்தான் வந்தபோது, அவர் மோவாயைத் தூக்கிக் கொடுத்தார்.