ஆண்கள் பக்கத்துக் குரல்

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடுவோம். சரணங்கள் மட்டும் முதலாவது ஆண்களுக்கு, அடுத்தது எங்களுக்கு என்று மாறி மாறி வரும். பாடும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. எனக்குப் பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்பதை அவர் குரலே சொல்லிவிடும். வெளியே செக்காலை ரோட்டில் ஆட்டோவில் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடும் என்று கேலி செய்வேன்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்பத்தூர், மேலூர், மதுரை என்று பஸ் ஸ்டாண்டில் கூவிக் கூவி உரம் ஏறிய தொண்டை. கீபோர்டை மீறிக்கொண்டு கேட்கும். பாடகர் குழுப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள்.

புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு அந்தக் குரல் கம்மியது. சளி என்றார். பனங்கற்கண்டும் மிளகுமாக வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கியும் சரியாகவில்லை. வரியின் கடைசியில் நீட்ட வேண்டிய இடத்தில் அவர் குரல் அறுந்துபோவதை நான் இடப்பக்கத்திலிருந்து கேட்டேன். வேறு யாருக்கும் அது குறையாகப் படவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்போதுதான் பாட்டு கேட்க இதமாக இருக்கிறது என்று பாராட்டினார். இவரும் சிரித்து வைத்தார். எனக்கு என் வீட்டுக்காரரின் அண்ணன் நினைவுதான் வந்தது. அவருக்கும் இப்படித்தான், குரல் கம்மலில் ஆரம்பித்தது. அடுத்த லெந்து வருவதற்குள் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டோம்.

மதுரையில் டாக்டரிடம் காட்டுவோம் என்று தினமும் கெஞ்சினேன். கெஞ்சிப் பயனில்லை என்றதும் ஒருநாள் சத்தம் போட்டேன்.

"உங்க அண்ணன் பட்டதைப் பாத்தும் ஏன் இப்படிப் பண்றீக?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து தண்ணீர்கூடக் கைச்சாடையில்தான் கேட்டார். கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா, பேச முடியாமல் இருக்கிறாரா என்று பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் தெரிந்துகொள்ள வழி. ஆண்களின் சரணம் வரும்போது என் புத்தகத்தை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். வாரத்துக்கு வாரம் அந்தக் குரலைத் தேட வேண்டியதாயிற்று.

பெரிய வெள்ளி அன்று எங்கள் ஆலயத்தில் கீபோர்டும் ட்ரம்ஸும் கிடையாது. வெறும் குரல்தான். அதனால் அன்றைக்குப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் எப்போதும் இவர்தான். போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை எழுந்து நின்றது. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. வலப்பக்கத்திலிருந்து வெறும் காற்றாக ஏதோ வந்து நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. பாட்டின் தொடக்கம் அவருக்கு மறந்துவிட்டது என்று எண்ணியோ என்னவோ, எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

நான் எடுத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அதுவரை யாரும் பாட்டை எடுத்ததில்லை. அவர் எடுக்கும் அதே சுருதியில், என் தொண்டைக்கு எட்டாத கீழ்க்குரலில் எடுத்தேன். சபை சேர்ந்துகொண்டது. பல்லவி முடிந்து ஆண்களின் சரணம் வந்தது. எவ்வளவு தேடியும் அதில் அவர் இல்லை. திரும்பிப் பார்த்துவிட்டேன்.

தலையை நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டைச் சரியாக அசைத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பு விட்ட இடத்தில் என் அருகே வந்து நின்றார். என் காதுவரை குனிந்தார்.

"மதுரைக்குப் போவோம் புள்ள."

பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அம்மாளுக்குக்கூட அது கேட்கவில்லை. இத்தனை நாள் நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு வந்த பதில். அவரே போவோம் என்கிறார் என்றால், அவருக்கும் தெரிந்துவிட்டது. எனக்குச் செருப்பு மாட்ட வரவில்லை.