இருபத்தேழாம் எண் வரவில்லை

அந்தக் கல்லூரிக்கே அவள் நூலக அக்கா. பதினான்கு வருடமாக நூலகத்தையும் அரங்கத்தையும் கூட்டித் துடைப்பவள். தூசி தட்டும் சாக்கில் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியே தனித்தேர்வு எழுதி, பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரிதான், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. மேற்பார்வையாளர் இருமினாலே துடைப்பத்தைக் கீழே போட்டுவிடுவாள்.

குடும்பத்தில் யாருமே கல்லூரிக்குப் போகாதவர்களுக்கென்று அந்த வருடம் தனியாக முப்பது இடம் ஒதுக்கினார்கள். வயது வரம்பு கிடையாது. "மனு போட்டுத்தான் பாரேன், தலையையா வாங்கிடுவாங்க?" என்றார் மூட்டை தூக்கப் போகும் வீட்டுக்காரர். போட்டாள். கலந்தாய்வுக்கு வரச் சொல்லி, இருபத்தேழு என்று எண் போட்ட சீட்டும் வந்துவிட்டது.

அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். இருந்தாலும் பழக்கதோஷம், கால் அவளைப் பின்பக்கத்துச் சின்னக் கதவுக்கே இழுத்துக்கொண்டு போனது. கூட்டுபவர்கள் முன்படியில் ஏறுவதில்லை; அங்கே அது எழுதாத சட்டம். முன்வாசல் மேஜையில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் வந்தவர்களாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அரங்கத்தின் கடைசி வரிசையில் போய் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

இருபத்தாறைக் கூப்பிட்டார்கள். அடுத்து இருபத்தெட்டு. முப்பதும் முடிந்ததும் எழுத்தர் மைக்கில் சொன்னார்: "இருபத்தேழு வரல. காத்திருப்புப் பட்டியல்ல முதல் ஆள் மேடைக்கு வாங்க."

எப்படியோ எழுந்து நின்றாள். அதற்குள் எழுத்தர் அவளைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, நல்லவேளை இருக்கீங்க. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, கண்ணு கூசுது."

பாவி மகள், போய்ச் சாத்தினாள்! சாத்திவிட்டுக் கொக்கியைப் பிடித்தபடியே நின்றாள். சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். இன்னும் பத்தடிதான். வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ, இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம்.

"சார்... இருபத்தேழு நான்தாங்க."

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"இடம் யாருக்குக்கா, உங்க பொண்ணுக்கா?" என்றார் எழுத்தர்.

"எனக்குத்தாங்க."

"அப்ப வாசல்ல ஏன் பதியல?"

"பின்னாடி கதவால வந்துட்டேங்க. முன்படியில ஏறப் பயமா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்த பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்குப் பட்டியலை மூடணும். அஞ்சு நிமிஷம் இருக்கு. ஓடிப்போய்ப் பதிஞ்சிட்டு வாங்கம்மா."

வாசலுக்குப் போக, பாதி வழியில் நின்றுவிட்ட அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா தயங்கி நின்றாள்.

"போங்கக்கா, நேரமாகுது," என்றாள் அந்தப் பெண். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

அக்கா ஓடினாள். கையெழுத்துப் போட்டாள், இடமும் கிடைத்தது. திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.